கொழும்புக்குப் போய் வந்த பிறகு: திருகோணமலையும் வலிப்பு மருந்தும்

திருகோணமலையில் ஒரு வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்துவிட்டால் அயலில் இருந்து வரும் முதல் கேள்வி, "கொழும்புக்குக் கொண்டு போகல்லையா?" என்பதுதான். கேட்பவருக்கு அக்கறை இருக்கிறது, கேள்வியில் நியாயமும் கொஞ்சம் இருக்கிறது. நரம்பியல் வைத்திய நிபுணர்கள் நாட்டின் தேவைக்குப் போதாது. இருப்பவர்களில் அதிகம் பேர் பெரிய நகரங்களின் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே இருக்கிறார்கள். அதனால் காப்பை அடகு வைத்து, வான் பிடித்து, அல்லது இரவு ரயிலேறி, ஏறக்குறைய 260 கிலோமீற்றர் போகிறோம். தனியார் ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்துக் காத்திருந்து, டொக்டருக்கு முன்னால் சில நிமிடம் இருந்து, ஒரு துண்டோடு திரும்பி வருகிறோம். அந்தத் துண்டில் எழுதியிருப்பது அனேகமாக எங்கள் ஊர்க் கிளினிக்கிலும் எழுதுகிற அதே கார்பமசெபீனாகவோ சோடியம் வல்புரோவேட்டாகவோ இருக்கும்.

போகவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. போய் வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் என் கவலை. மூளை, நரம்பு சம்பந்தமான வருத்தங்களில் பெரும்பாலானவை ஒரு ஊசியோடோ ஒரு ஒப்பரேசனோடோ முடிபவை அல்ல. வருடக்கணக்கில் தினமும் குளிசை போட வேண்டும். அந்தக் குளிசை ஒரு நாளும் அறாமல் வீட்டில் இருப்பதுதான் வைத்தியத்தின் முக்கால் பங்கு. எங்கள் பக்கத்தில் வருத்தக்காரர் தடுக்கி விழுவதும் அங்கேதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியான மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் வரையானோர் வலிப்பே வராமல் வாழலாம். இதற்கான மருந்துகளில் பல மிகப் பழையவை. பினோபார்பிட்டோன் 1912 இலிருந்தும் பெனிட்டோயின் 1938 இலிருந்தும் பாவனையில் உள்ளன. இரண்டும் மலிவானவை, இன்றும் நன்றாக வேலை செய்பவை.

யாரிடம் போவது என்பதில் நிறையக் குழப்பம். வலிப்பு, பாரிசவாதம், நடுக்குவாதம் (பார்க்கின்சன்), ஒற்றைத் தலையிடி எல்லாவற்றுக்கும் முதலில் பார்க்க வேண்டியவர் பொது வைத்திய நிபுணர். பிள்ளைகள் என்றால் குழந்தை வைத்திய நிபுணர். திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கும், கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளுக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கிளினிக்குகளுக்குத்தான் போகிறார்கள். நரம்பியல் நிபுணர் மருந்தால் பார்ப்பவர், நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் கத்தி எடுப்பவர். மனநல வைத்தியர் வேறு துறை. ஆனாலும் வல்புரோவேட் போன்ற சில மருந்துகள் அவர் கிளினிக்கிலும் எழுதப்படும். அதைப் பார்த்துவிட்டு "பிள்ளைக்கு மனநோய்க் குளிசை கொடுக்கிறாங்கள்" என்று பதறி நிறுத்தியவர்கள் உண்டு. மனநல ஆஸ்பத்திரி இருப்பதால் அங்கொட என்ற ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக ஆக்கி வைத்திருக்கும் சமூகத்தில் அந்தப் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்று விளக்கத் தேவையில்லை.

தூரப் பயணம் உண்மையிலேயே தேவைப்படும் நேரங்கள் உண்டு. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், சரியாகப் போட்டும் வலிப்பு அடங்கவில்லை என்றால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. அப்போது எம்.ஆர்.ஐ. ஸ்கேன், தலையில் கம்பிகள் ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. நீண்ட நேரத்துக்கு, சிலருக்குச் சத்திரசிகிச்சை என்று யோசிக்க வேண்டிவரும். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் வலிப்பு நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஊர்க் கிளினிக் டொக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு அரச வழியாகவே போகலாம், செலவு பயணத்துக்கு மட்டும்தான். முதலில் காசு கட்டிப் பார்த்து, பிறகு அரச கிளினிக்கைத் தேடுவது தலைகீழான வழி.

அப்படிப் போகிறவர்கள் கொண்டுபோக வேண்டியவற்றில் ஸ்கேன் படத்தைவிடப் பெறுமதியானது ஒன்று உண்டு: வலிப்பைக் கண்ணால் கண்ட ஆள். வலிப்பு வந்தவருக்கு நடந்தது பெரும்பாலும் நினைவிருக்காது. தாய் பார்த்திருப்பார், ஆனால் பயணத்துக்குச் சிங்களம் தெரிந்த மாமாதான் போவார். அவரோ அந்த நேரத்தில் வீட்டில் இருந்திருக்க மாட்டார். கடைசியில் டொக்டருக்குக் கிடைப்பது "விழுந்து வெட்டினது" என்ற ஒற்றை வரி. எந்தக் கை முதலில் இழுத்தது, கண் திறந்திருந்ததா, தலை எந்தப் பக்கம் திரும்பியது, எத்தனை நிமிடம், நாக்குக் கடிபட்டதா, எவ்வளவு நேரத்துக்குப் பிறகு ஆளைத் தெரிந்தது: மருந்தைத் தீர்மானிப்பவை இவைதான். ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். அதைவிட நல்லது, அடுத்த முறை வரும்போது ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள இன்னொருவர் போனில் வீடியோ எடுப்பது. கல் நெஞ்சம் என்று யாராவது திட்டினால் திட்டட்டும். வலிப்பையும் மயக்கத்தையும் மன அழுத்தத்தால் வரும் உதறலையும் பிரித்தறிய அரை நிமிட வீடியோவே பெரிய உதவி.

ஈ.ஈ.ஜி. பற்றியும் ஒரு வார்த்தை. வலிப்பு இல்லாத நேரத்தில் எடுத்தால் வலிப்பு நோயாளிக்கும் அது சாதாரணமாக வரலாம். "ரிப்போட் கிளியர், அப்ப வருத்தம் இல்லை" என்று குளிசையை நிறுத்துவது பெரிய ஆபத்து. அப்புறம், அதற்குப் போகும்போது தலையில் எண்ணெய் கூடாது. முதல் நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் தொடாமல் போக வேண்டும். தூரம் போகிற பிள்ளைக்குத் தலைக்கு நல்லெண்ணெய் வைத்து வாரி இழுத்துப் பின்னி அனுப்புவது எங்கள் அம்மாக்களின் வழக்கம். அந்த எண்ணெயில் கம்பிகள் சரியாக ஒட்டாது.

சரி, மருந்துக்கு வருவோம். வலிப்புக் குளிசை காய்ச்சலுக்குப் பனடோல் போடுவது போன்றதல்ல. வலிப்பு வரும்போது போடுவது அல்ல, வராமல் இருக்கப் போடுவது. இரத்தத்தில் மருந்து ஒரு மட்டத்துக்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும். கூரைத் தாங்கியில் தண்ணீர் மட்டம் இறங்கினால் குழாய் வற்றுவது போல, மருந்தின் மட்டம் இறங்கினால் வலிப்பு திரும்பும். அதனால்தான் நேரத்தில் இவ்வளவு கண்டிப்பு. பினோபார்பிட்டோன் உடலில் நாள்கணக்கில் தங்கும், இரவில் ஒரு தடவை போதும். லெவெற்றிராசிட்டாம் சில மணித்தியாலங்களில் பாதியாகிவிடும், அதனால் நாளைக்கு இரண்டு தடவை. திடீரென்று எல்லாவற்றையும் நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வீரியத்தில் மட்டும் கவனமாக இருந்து நேரத்தில் அசட்டையாக இருப்பவர்களையே அதிகம் காண்கிறேன்.

எங்கள் ஊருக்கென்றே ஒரு தொல்லை உண்டு, அது ஈரக்காற்று. ஆஸ்பத்திரிப் பாமசியில் பல நேரம் குளிசையை எண்ணிச் சின்னக் கடதாசி உறையில் போட்டுத் தருவார்கள். வீட்டில் அந்த உறை எங்கே போகிறது? குசினித் தட்டில், அடுப்புக்கு மேலே, கிளினிக் கொப்பிக்குள் மடித்து. கார்பமசெபீன் குளிசை ஈரம் பட்டால் கல்லுப்போல இறுகும். இறுகினால் வயிற்றில் சரியாகக் கரையாது. மூன்றில் ஒரு பங்கு வீரியத்தைக்கூட இழக்கலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்திருக்கிறது. சோடியம் வல்புரோவேட் அதைவிட மோசம், காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். போடும் நேரத்தில்தான் அதைத் தகட்டிலிருந்து உடைக்க வேண்டும். கடற்கரை வீட்டில், மாரி மழை காலத்தில், கடதாசி உறையில் ஒரு மாதம் கிடந்த குளிசையைப் போட்டுவிட்டு "மருந்து பிடிக்கல்லை" என்று டொக்டரை மாற்றுகிறோம். இறுக மூடும் ஒரு சிறு போத்தலில் போட்டு அலுமாரியில் வைத்தாலே போதும். தகட்டோடு தரச் சொல்லிக் கேட்பதிலும் வெட்கம் வேண்டாம்.

மருந்து இல்லாத மாதங்கள் வேறு கதை. இலங்கையின் மருந்துகளில் பெரும்பகுதி இறக்குமதி. கொழும்பில் உள்ள மருத்துவ வழங்கல் பிரிவிலிருந்து மாவட்டக் களஞ்சியத்துக்கும், அங்கிருந்து ஆஸ்பத்திரிகளுக்கும் வர வேண்டும். கேள்விப்பத்திரம் தாமதமானாலும் டொலர் தட்டுப்பட்டாலும் கடைசியில் இடி விழுவது கிளினிக் வரிசையில் நிற்பவர் தலையில். 2022 இல் இதைக் கண்ணால் கண்டோம். மருந்து இல்லை, பாமசிக்குப் போகப் பெற்றோலும் இல்லை. இப்போதும் இடைக்கிடை "இது ஸ்டொக் இல்லை, வெளியில் வாங்குங்கோ" என்று துண்டு வரும். அந்தத் துண்டு பேர்ஸில் மடிந்து கிடக்க, அடுத்த கிளினிக் தேதி வரை மருந்தில்லாமல் இருந்துவிடுகிறார்கள். கூலி வேலைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கே திரும்பி டொக்டரிடம் போய், "வெளியில் வாங்க வசதியில்லை, இருக்கிற மருந்தில் மாற்றித் தாங்கோ" என்று கேட்கலாம். மாற்றுவதற்கு முறை இருக்கிறது: பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டிச் செய்வார்கள். நாமாக நிறுத்துவதற்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

வெளியில் வாங்குபவர்கள் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல பாமசியை முதலில் கேட்பது நல்லது. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியில் 1971 இல் உருவான கூட்டுத்தாபனம் அது. மருந்தை நிறுவனப் பெயரில் அல்லாமல் அதன் பொதுப் பெயரில் வாங்குவது என்ற கொள்கையில் வளரும் நாடுகள் பலவற்றுக்கு வழிகாட்டியது இலங்கைதான். அந்தப் பெருமையை இப்போது வாயால் மட்டும் பேசுகிறோம் என்பது என் எண்ணம். துண்டில் பார்க்க வேண்டியவை மூன்று: பொதுப் பெயர், மில்லிகிராம், சாதாரண குளிசையா மெதுவாகக் கரைவதா. மெதுவாகக் கரைவதை இடித்தோ மென்றோ விழுங்கக் கூடாது. நிறமும் வடிவமும் மாறியிருந்தால் பாமசியில் நின்றபடியே கேளுங்கள். பெனிட்டோயின் போன்றவற்றில் சிறிய அளவு வித்தியாசமே தலைச்சுற்றையோ வலிப்பையோ கொண்டுவரும்.

2020 ஊரடங்கில் கிளினிக் மருந்துகளை அஞ்சலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். செய்ய முடியாததல்ல என்பது அன்றே தெரிந்துவிட்டது. வெருகலில் இருந்தோ புல்மோட்டையில் இருந்தோ விடிய முன் பஸ் ஏறி வந்து, அதே மருந்தை அதே அளவில் வாங்கிக்கொண்டு போகிறவருக்கு, வருத்தம் கட்டுக்குள் இருந்தால் இரண்டு மூன்று மாத மருந்தை ஒன்றாகக் கொடுக்கலாம்தானே? ஒரு நாள் கூலியும் மிஞ்சும், வரிசையும் குறையும். மாரியில் மகாவலி பெருகிப் பாதை மூடும் நாட்களுக்கும் கையில் மருந்திருக்கும். இப்போதைக்கு நம்மால் முடிந்தது ஒரு வாரக் குளிசையைத் தனியாக ஒதுக்கி வைப்பது. ஒவ்வொரு மாதமும் புதியதை அதில் போட்டு, பழையதை எடுத்துப் பாவிக்க வேண்டும்.

நோன்பு காலக் கேள்வி கிண்ணியா, மூதூர்ப் பக்கம் ஒவ்வொரு வருடமும் வரும். நோய் உள்ளவருக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. ஆனாலும் பிடிக்கத்தான் விரும்புகிறார்கள். நாங்கள் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில்; நோன்பு நேரம் எந்தப் பருவத்திலும் 13, 14 மணித்தியாலத்தை ஒட்டியே நிற்கும். இரண்டு வேளைக் குளிசையை ஸஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் மாற்றுவது பலருக்குச் சரிப்பட்டு வரும். மூன்று வேளை என்றால் மருந்தின் வகையையே மாற்ற வேண்டியிருக்கும், அதனால் ரமழானுக்கு ஒரு மாதம் முன்பே டொக்டரிடம் கதைக்க வேண்டும். பலரும் யோசிக்காதது தூக்கம். தராவீஹ் முடிந்து படுத்து, ஸஹருக்கு எழும்பி, மீதி நாள் கடையில் நிற்பவருக்கு வலிப்பு வந்தால் அது பசியால் என்பதைவிடத் தூக்கம் கெட்டதால் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். சிவராத்திரிக்கு விடிய விடிய விழித்திருப்பவருக்கும் இதே எச்சரிக்கை.

கடலுக்குப் போகிற தொழிலாளிக்கு இது இன்னும் கடினம். இரவு முழுக்க விழிப்பு, படகில் தனிமை, விழுந்தால் தண்ணீர். வலிப்பு அடங்கி டொக்டர் சம்மதிக்கும் வரை தனியாகப் போகக் கூடாது என்று சொல்வது சுலபம், வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. குறைந்தது கூடப் போகிறவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், மிதவை அங்கி போட்டிருக்க வேண்டும். வீட்டில் ஆபத்தான இடங்கள் கட்டில்லாத கிணறும் விறகடுப்பும்.

வலிப்பு வரும்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பக்கத்தில் உள்ள கூரான சாமான்களை அகற்றி, ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும். கையில் இரும்புத் திறப்பு, வாயில் கரண்டி, முகத்தில் தண்ணீர், எதுவும் வேண்டாம். திறப்பைக் கொடுத்த பிறகு நின்றது என்பார்கள். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும், திறப்பு வந்து சேரவே அவ்வளவு நேரமாகும். 5 நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்ப முன் அடுத்தது வந்தால், 1990 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம்.

அதிகம் மறைக்கப்படுவது பெண் பிள்ளைகளின் வலிப்பு. கலியாணம் பேசும்போது சொல்வதில்லை. சொல்லாததால் புகுந்த வீட்டில் குளிசையை ஒளித்துப் போட வேண்டும், ஒளிக்க முடியாததால் நிறுத்த வேண்டும். கலியாண அலைச்சல், தூக்கமின்மை, குளிசை இல்லை. முதல் வாரத்திலேயே வலிப்பு. பிறகு நடக்கும் பேச்சுவார்த்தை எல்லோருக்கும் தெரிந்தது. சொல்லிச் செய்வதால் சில சம்பந்தங்கள் குழம்பும்தான். சொல்லாமல் செய்ததில் குழம்பியவற்றின் சேதம் அதைவிடப் பெரியது.

மருத்துவக் காரணமும் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் வல்புரோவேட் போட்டால் 10 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடும், 10 இல் 3 முதல் 4 வரை குழந்தைகளுக்கு வளர்ச்சி, கற்றல் சிக்கல்களும் வரலாம். அதனால் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு முடிந்தவரை வேறு மருந்தையே கொடுப்பார்கள். மாற்ற வேண்டியது கருத்தரிக்க முன், அதோடு போலிக் அமிலமும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து எல்லாவற்றையும் நிறுத்துவது தாய், பிள்ளை இருவருக்கும் ஆபத்து. உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும், மருத்துவமாதுவிடமும் சொல்ல வேண்டும். இன்னொன்று: கார்பமசெபீன், பெனிட்டோயின், பினோபார்பிட்டோன் மூன்றும் கருத்தடைக் குளிசையின் வலுவையும் கையில் வைக்கும் குச்சியின் வலுவையும் குறைக்கும். கருப்பைக்குள் வைக்கும் லூப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இதுவரை சொன்னது பொறுமையாகச் செய்யும் வைத்தியம். பாரிசவாதத்துக்குப் பொறுமை கூடாது. வாய் கோணுவது, ஒரு கை விழுவது, பேச்சுக் குழறுவது, இதில் ஒன்று திடீரென்று வந்தால் அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990 ஐ அழைக்க வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டியது, அதற்கு முன் சி.ரி. ஸ்கேன் எடுக்க வேண்டும். வீட்டில் அஸ்பிரின் கொடுக்கக் கூடாது. அடைப்பா கசிவா என்று ஸ்கேன்தான் சொல்லும். எண்ணெய் தேய்ப்பதும் புறா இரத்தம் பூசுவதும் அந்த நாலரை மணித்தியாலத்தைத்தான் தின்கின்றன. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை அந்தப் பக்கத்தார் களப்புக்கு இக்கரை வரவே பாதைப் படகுக்குக் காத்திருந்தார்கள். இன்று தாமதம் பெரும்பாலும் வீட்டுக்குள்தான்.

நடுக்குவாதத்துக்கான லெவோடோபாவில் ஒரு சூட்சுமம் உண்டு. மீன், முட்டை, பருப்பு போன்ற புரதச் சாப்பாட்டோடு போட்டால் அது உடலில் சரியாகச் சேராது. சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் போட வேண்டும். எல்லா நடுக்கமும் நடுக்குவாதம் அல்ல: தலைச்சுற்றுக்கென்று ஒரு தடவை எழுதிய சினரிசினை வருடக்கணக்கில் பாமசியில் வாங்கிப் போட்டுக் கை நடுங்கி, உடல் இறுகும் முதியவர்கள் இருக்கிறார்கள். அதை நிறுத்தினால் பலருக்கு மெல்ல மெல்லச் சரியாகும். கிளினிக்குப் போகும்போது வீட்டில் உள்ள எல்லாக் குளிசையையும் பையோடு கொண்டுபோங்கள்.

நீரிழிவில் வரும் கால் எரிவுக்கு எழுதும் பிரிகபலினுக்கு இப்போது கெட்ட பெயர் வந்துவிட்டது, போதைக்காக விற்கப்பட்டுப் பொலிசில் பிடிபடுவதால். துண்டோடு போகும் வயதானவரையே சில பாமசிகளில் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோவது நல்லது. இதையும் சட்டென்று நிறுத்தக் கூடாது.

சித்த வைத்தியத்தை மட்டம் தட்ட எனக்கு விருப்பமில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் அதைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கிறார்கள். பாரிசவாதத்துக்குப் பிறகு கை கால் பிடிப்புக்குப் பரிசாரியாரிடம் போகிறவர்கள் போகட்டும், உடற்பயிற்சியும் விடாமல் நடக்கட்டும். நூல் கட்டுவதும் தண்ணீர் ஓதுவதும் மனதுக்கு ஆறுதல் என்றால் செய்யுங்கள். "எங்கட மருந்து தொடங்கினால் இங்கிலிஸ் மருந்தை விட வேணும்" என்று யாராவது சொன்னால் அங்கே மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

எவ்வளவு காலம் போட வேண்டும் என்பதுதான் எல்லோரும் கேட்பது. வலிப்பு ஒன்றுகூட வராமல் குறைந்தது இரண்டு வருடம் போனால் நிறுத்துவது பற்றி டொக்டர் யோசிப்பார். எல்லோருக்கும் அல்ல, வலிப்பின் வகை, ஸ்கேன், ஈ.ஈ.ஜி. எல்லாம் பார்த்துத்தான். நிறுத்துவதும் மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக. ஏ.எல். சோதனைக்கு இருக்கும் பிள்ளைக்குச் சோதனை முடியும் வரை குறைக்கத் தொடங்க மாட்டார்கள், இரவு விழித்துப் படிக்கும் மாதங்கள் அதற்கு உகந்தவை அல்ல. குறைக்கும் காலத்திலும், நிறுத்திய முதல் வருடத்திலும் சைக்கிள், கிணறு, கடல் மூன்றிலும் கூட ஒரு ஆள் இருக்க வேண்டும்.